காலி கேலரிக்கு யார் பொறுப்பு?

எங்கள் பக்கத்துப் பையன்கள் ஆடும் ஹாக்கி அணி இந்த சீசனின் முதல் லீக் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டது. மூன்றுக்கு ஒன்று. தோல்வியை எப்படியோ ஜீரணித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு சென்னையை ஒட்டிய எங்கள் ஊரான திருமழிசையில் நடக்கிற வாக்குவாதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சிட்கோ தொழிற்பேட்டை வாசல் டீக்கடையில் ஆரம்பித்து, ஜெகந்நாதப் பெருமாள் கோயில் தெருவரைக்கும் அதே பேச்சு.

"கேலரியில ஈ காக்கா இல்ல. காலி சேரைப் பாத்துக்கிட்டு பசங்க எப்படிண்ணா வெறியோட ஆடுவாங்க?" என்று ஒரு கட்சி. "முதல் மேட்ச்சே இந்த லட்சணத்துல ஆடினா, வேலையை விட்டுட்டு எவன் தம்பி வருவான்?" என்று இன்னொரு கட்சி. இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் ஹாக்கியை உயிராக நினைக்கிறவர்கள். இந்த விளையாட்டை எப்போதோ தலைமுழுகியவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற பத்துப் பேர் மட்டும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறையாகச் சண்டை போடுகிறார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

ஆட்டத்தைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பையன்கள் ஓட்டத்தில் குறை வைக்கவில்லை. அறுபது நிமிடமும் நாய் மாதிரி ஓடினார்கள். தோற்றது பெனால்டி கார்னரில். எங்களுக்கு நாலு கார்னர் கிடைத்தது, நாலும் வீணாகப் போயிற்று. பின்கோட்டிலிருந்து ஒருவன் பந்தைத் தள்ளிவிடுவான். கோலுக்கு முன்னால் இருக்கிற 'டி' வளைவின் விளிம்புக்கு வெளியே ஸ்டாப்பர் உட்கார்ந்த வாக்கில் ஸ்டிக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அதை நிறுத்துவான். பின்னால் நிற்கிறவன் ஃபிளிக் பண்ணுவான். எல்லாம் கண்மூடித் திறக்கிற நேரம். எங்கள் ஸ்டாப்பர் மண் கிரவுண்டில் வளர்ந்த பிள்ளை. மண்ணில் பந்து கடைசி நொடியில் கல்லில் பட்டு எகிறும். வருடக்கணக்காக அதற்குப் பழகிய கை, பந்து வரும்போது ஸ்டிக்கை ஒரு நூல் தூக்கிவிடுகிறது. தண்ணீர் தெளித்த டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், பந்து எகிறுவதில்லை, வழுக்கிக்கொண்டு வருகிறது. அந்த ஒரு நூல் இடைவெளியில் புகுந்து பின்னால் போய்விட்டது. மூன்றாவது முறை அவன் முகத்தைப் பார்த்தேன். எங்கே தப்பு என்றே அவனுக்குப் புரியவில்லை. இத்தனை வருடம் சரியாகச் செய்ததைத்தான் அன்றும் செய்தான்.

அந்தப் பையனைத்தான் டீக்கடையில் "பந்தை நிறுத்தக்கூடத் தெரியல" என்று கரித்துக் கொட்டுகிறார்கள். அவனுக்கு நேர்ந்தது ஒரு காலத்தில் இந்த நாட்டுக்கே நேர்ந்தது. 1928 முதல் 1972 வரை நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் இந்திய ஹாக்கி அணி பதக்கமில்லாமல் திரும்பியதில்லை. 1976இல் மான்ட்ரியலில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரை விரித்தார்கள். இந்தியாவுக்கு ஏழாவது இடம். ஒரு வருடம் முன்னால்தான் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற நாடு அது. புல்லிலும் மண்ணிலும் மந்திரம் போட்ட கைகளுக்கு அந்தத் தரை பிடிபடவில்லை. தமிழ்நாட்டின் பாஸ்கரனும் பிலிப்ஸும் அந்த அணியில் இருந்தார்கள். அவர்களைப் போய் "ஆடத் தெரியாதவர்கள்" என்று யாராவது சொல்வார்களா? ஐம்பது வருடம் ஆகப் போகிறது. இன்னும் திருமழிசைப் பையன் மேட்ச் அன்றைக்குத்தான் டர்ஃபை மிதிக்கிறான் என்றால், கேவலம் அவனுக்கு இல்லை.

சரி, கூட்டம் இல்லாததால் தோற்றோம் என்பவர்களின் பேச்சுக்கு வருகிறேன். கூட்டத்துக்குச் சக்தி உண்டு, மறுக்கவில்லை. 2023 ஆகஸ்ட் 12ஆம் தேதி எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசிய சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம். இடைவேளையில் மலேசியா மூன்று, இந்தியா ஒன்று. மூன்றாவது கால் பகுதி முடிகிற நிமிடத்தில் ஹர்மன்பிரீத் ஒன்று, குர்ஜந்த் ஒன்று என்று அடுத்தடுத்து இரண்டு கோல். கடைசியில் ஆகாஷ்தீப் அடித்து நாலுக்கு மூன்று. அன்றைய ஆரவாரம் ஒரு கோலாவது பெற்றுக் கொடுத்தது என்று யார் சொன்னாலும் நான் தலையாட்டுவேன். அதே தொடரில் மலேசியாவுக்கு எதிரான லீக் ஆட்டத்தில் அரியலூர்ப் பிள்ளை கார்த்தி முதல் கோல் அடித்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் அடித்த மாதிரி மைதானமே துள்ளியது. ஆனால் எவ்வளவு கத்தினாலும் ஸ்டாப்பரின் ஸ்டிக் தானாகத் தரையில் படியாது. அதற்கு அவன் தினமும் அந்தத் தரையில் நின்றிருக்க வேண்டும்.

ஜெயித்தால்தான் கூட்டம் வரும் என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் சில ஆட்டங்களை வைத்து ஒரு அணியை எடை போடுவதாக இருந்தால், 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் போன பாஸ்கரனின் அணியைப் பாதியிலேயே கைகழுவியிருக்க வேண்டும். போலந்தோடு இரண்டுக்கு இரண்டு. ஸ்பெயினோடும் இரண்டுக்கு இரண்டு. அப்புறம் அதே ஸ்பெயினை இறுதி ஆட்டத்தில் நாலுக்கு மூன்று என்று வென்று தங்கம் வாங்கிவந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன். 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இருபத்துநாலு நாடுகள், அனுமதி இலவசம். அரையிறுதியில் ஜெர்மனி நம் பிள்ளைகளை ஐந்துக்கு ஒன்று என்று துவைத்து எடுத்தது. அதோடு மனசு விட்டுப்போய் டிவியை அணைத்தவர்கள் உண்டு. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் இரண்டு கோல் பின்தங்கி, கடைசிக் கால் பகுதியில் நாலு கோல் அடித்து ஜெயித்தார்களே, அதைப் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் தோல்விக்குப் பிறகும் விடாமல் வந்தவர்கள். முதல் தோல்வியில் கோபித்துக்கொண்டு போகிறவருக்கு இந்த விளையாட்டின் ருசி எப்போதுமே கிடைக்காது.

மூன்றாவதாக ஒரு கட்சி இருக்கிறது. எதற்கெடுத்தாலும் "எல்லாத்தையும் கிரிக்கெட் முழுங்கிடுச்சு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கிரிக்கெட்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டம் என்றால் அட்டவணை முன்கூட்டியே ஊர் வாய்க்கு வந்துவிடும். ஆட்டம் பெரும்பாலும் சாயங்காலம். டிக்கெட்டைக் காட்டினால் மாநகரப் பேருந்தில் காசில்லாமல் போய்வரலாம் என்றுகூட ஏற்பாடு செய்தார்கள். அது ரசிகனை மதிக்கிற காரியம். அந்த மரியாதையில் கால்வாசியை ஹாக்கி ரசிகனுக்குக் காட்டிவிட்டு அப்புறம் கிரிக்கெட்டைக் குறை சொல்லட்டும்.

எங்கள் அணியின் முதல் ஆட்டம் எப்போது நடந்தது தெரியுமா? வேலை நாள், மத்தியானம் இரண்டு மணி. என்றைக்கு ஆட்டம் என்பது எங்களுக்கு முந்தின நாள் ராத்திரி, ஒரு பையனின் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. ஒரு நோட்டீஸ் கிடையாது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு தகவல் கிடையாது. பத்திரிகை வைக்காத கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று ஊரைப் பிடித்துத் திட்டுவது என்ன நியாயம்?

தெரிந்தாலும் வருவது லேசுப்பட்ட காரியமா? திருமழிசையில் பஸ் ஏறினால் பூந்தமல்லி, கரையான்சாவடி, குமணன்சாவடி, வேலப்பன்சாவடி, வானகரம், மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை என்று ஒவ்வொரு சிக்னலாக நின்று எழும்பூர் போய்ச் சேர வேண்டும். இருபத்தைந்து கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். நெரிசல் நேரத்தில் எத்தனை மணி ஆகும் என்று இந்தச் சாலையில் போகிற யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்க்கிறவர் ஒரு ஆட்டம் பார்க்க ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். அப்படி விட்டுவிட்டு வந்து, பாதிக் கேலரியில் நிழல் இல்லாமல் வெயிலில் காய்ந்து, குடிதண்ணீர் எங்கே என்று தேடி அலைந்து, ஸ்கோர் என்ன என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு திரும்ப வேண்டும். அன்றைக்கு வந்திருந்தவர்கள் பெரும்பாலும் பையன்களின் வீட்டு ஆட்கள். அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்த அணிக்காரர்களையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் தலை. அந்தச் சிலர் வந்ததே பெரிது என்று கும்பிடத் தோன்றுகிறது.

இதெல்லாம் சின்ன லீக்கின் பாடு, பெரிய லீக் என்றால் வேறு மாதிரி என்று நினைக்க வேண்டாம். சென்னை ஹாக்கி ரசிகனை எத்தனை முறைதான் நடுத்தெருவில் விடுவார்கள்? 2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் வந்தது. 'சென்னை வீரன்ஸ்' என்று ஒரு அணி. பெயரை மனப்பாடம் பண்ணி, ஆட்டக்காரர்களை அடையாளம் தெரிந்துகொண்டு, வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து முடிக்கும்போது, 2008இல் லீக்கே நின்றுவிட்டது. 2012இல் வேர்ல்ட் சீரிஸ் ஹாக்கி. 'சென்னை சீட்டாஸ்' என்று இன்னொரு அணி, எழும்பூரில் சொந்த மைதானம். ஒரே ஒரு சீசன், அதோடு சரி. 2013 முதல் 2017 வரை ஹாக்கி இந்தியா லீக் நடந்தது. ராஞ்சிக்கு அணி உண்டு, மும்பைக்கு உண்டு, சென்னைக்குக் கிடையாது. ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு 2024 டிசம்பரில் அந்த லீக் திரும்ப வந்தபோது 'தமிழ்நாடு டிராகன்ஸ்' பிறந்தது. அப்பாடா என்று இருந்தது. ஆனால் அந்த சீசனின் ஆண்கள் ஆட்டங்களை நடத்தியது ரூர்கேலாவை மையமாக வைத்து. பெயரில் தமிழ்நாட்டைச் சுமந்த அணி, தமிழ்நாட்டு மண்ணில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் அரையிறுதி வரை போய்வந்தது. நம் ஜனம் அந்த அணியை டிவியில்தான் பார்த்தது. அதிலும் எத்தனை பேர் பார்த்தார்கள்? 2026 ஜனவரி 3ஆம் தேதிதான் லீக் எழும்பூருக்கு வந்தது. ஒரு வாரம் நடந்தது. ஊருக்குச் செய்தி எட்டி, வாய்வழியாகப் பரவி, குடும்பத்தோடு கிளம்பலாமா என்று பேச்செடுக்கும் நேரத்தில் லீக் ராஞ்சிக்கும் புவனேஸ்வரத்துக்கும் பெட்டி கட்டிவிட்டது.

ஒரு அணியின் மேல் பற்று வைக்க வருடங்கள் வேண்டும். போன வருடம் இவன் விட்ட கோலை இந்த வருடம் அடித்துவிட்டான் என்று பேசுவதற்கு, போன வருடம் என்று ஒன்று இருக்க வேண்டும். அப்பா பார்த்த அணியை மகளும் பார்க்க வேண்டும். அந்தத் தொடர்ச்சியை அறுத்து அறுத்துப் போட்டுவிட்டு, கேலரி ஏன் காலி என்று ஆராய்ச்சி நடத்துகிறார்கள்.

கூட்டம் எப்படிச் சேரும் என்பதற்கு ஒடிசாவைப் பார்க்கலாம். ரூர்கேலாவில் இருபதாயிரம் பேர் உட்காரும் மைதானம் 2023 உலகக் கோப்பையில் நிரம்பி வழிந்தது. விளம்பரத்தால் வந்த கூட்டமா அது? ரூர்கேலா இருக்கிற சுந்தர்கர் மாவட்டத்துக் கிராமங்களில் ஹாக்கி தெருவில் ஆடுகிற ஆட்டம். அந்த மாவட்டத்தின் 17 ஒன்றியங்களுக்கும் டர்ஃப் என்று அரசு திட்டம் போட்டது. 2018 முதல் இந்திய அணிக்கே அந்த மாநிலம்தான் புரவலர். தன் ஒன்றியத்து டர்ஃபில் ஆடுகிற குழந்தைக்குப் பெரிய மைதானம் அடுத்த வகுப்பு மாதிரி. பார்க்க வராமல் எப்படி இருக்கும்?

ஒடிசா வரை போக வேண்டாம், நம் கோவில்பட்டி இருக்கிறது. கடலை மிட்டாய்க்குப் பேர் போன அந்தச் சின்ன ஊரில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி என்றால் வீட்டில் சமையலை முடித்துக்கொண்டு பெண்களும் மைதானத்துக்குப் போகிறார்கள். எந்த அணி எப்படி ஆடும், யார் கார்னர் எடுப்பான் என்று கடைக்காரர் சொல்கிறார். அந்த மண்ணிலிருந்து மாரீஸ்வரன் சக்திவேல் இந்திய அணிக்குப் போனார். அரியலூர் கார்த்தியும் அங்கே விடுதியில் தங்கிப் பழகியவர்தான். 2022 ஆசியக் கோப்பையில் இரண்டு பேரும் இந்தியாவுக்காக ஆடி வெண்கலத்தோடு வந்தார்கள். கோவில்பட்டிக்கு ஒரு நியாயம், சென்னையின் மேற்குப் பக்கத்துக்கு ஒரு நியாயமா?

எங்கள் பக்கத்துக்கு ஹாக்கி புதிதல்ல. இந்த நகரத்து ஹாக்கியைத் தாங்கிய தூண்களில் ஒன்று பெரம்பூர் ஐசிஎஃப். ரயில்வே, வங்கி, போலீஸ் அணிகளில் இடம்பிடித்தால் வேலை நிச்சயம் என்று நம்பி ஸ்டிக் எடுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர். 1901இல் தொடங்கி இன்றும் நடக்கிற எம்சிசி தங்கக் கோப்பைப் போட்டி இந்த ஊரின் சொத்து. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருமழிசை என்று லட்சக்கணக்கில் ஜனம் பெருகிவிட்ட இந்தப் பகுதியில், சாதாரண வீட்டுப் பிள்ளை சாயங்காலம் சைக்கிளில் போய் ஆடிவிட்டு வரும்படி ஒரு டர்ஃப் எங்கே? ஆவடியில் இருக்கிற நல்ல மைதானங்கள் படை, தொழிற்சாலை வளாகங்களுக்குள். நம் பிள்ளைகளுக்குக் காம்பவுண்ட் சுவர்தான் தெரியும்.

திருமழிசையில் துணைக்கோள் நகரம் என்று வருடக்கணக்காகப் பேசுகிறார்கள். 2020 கொரோனா நேரத்தில் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டையே சில நாட்களில் இங்கே தூக்கிக்கொண்டு வந்து கடைகளை அமைத்துக் காட்டினார்கள். மனசு வைத்தால் இங்கே எதையும் நடத்த முடியும் என்பதற்கு நாங்கள் கண்ணால் கண்ட சாட்சி அது. ஹாக்கிக்கு நாங்கள் கேட்பது அந்தத் துணைக்கோள் நகரத்தில் ஒரு மூலை. உலகத் தரம் வேண்டாம். தண்ணீர் அதிகம் குடிக்கும் டர்ஃப் கட்டுப்படி ஆகாது என்றால் மணல் தூவிய டர்ஃப் போடட்டும், அதற்கு அவ்வளவு தண்ணீர் தேவையில்லை. பள்ளிக்கூடங்கள் காலையில் பயன்படுத்தட்டும், சாயங்காலம் கிளப்புகள் ஆடட்டும். லீக்கில் சில ஆட்டங்களையாவது ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கட்டும். அட்டவணையை ஒரு மாதம் முன்னால் அச்சடித்து அரசுப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். பெரிய ஆட்டம் நடக்கும் நாட்களில் பூந்தமல்லியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிப்போக இரண்டு பஸ் விடட்டும். இதில் எது நடக்காத காரியம்?

டீக்கடையில் சண்டை போடும் என் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்ணன்மார்களே, தம்பிகளே, கூட்டம் வராததற்குப் பையன்களும் பொறுப்பில்லை, பையன்கள் தோற்றதற்கு வராதவர்களும் பொறுப்பில்லை. நீங்கள் மாறி மாறித் திட்டிக்கொள்வது யாருக்கு வசதி என்று யோசியுங்கள். டர்ஃப் போட வேண்டியவரையும் தேதி சொல்ல வேண்டியவரையும் யாரும் கேள்வி கேட்கவில்லை. டீக்கடையில் விட்ட குரலில் பாதியைப் பேரூராட்சி அலுவலகத்திலும் எம்எல்ஏ அலுவலகத்திலும் விட்டால், ஒரு மனுவாவது அவர்கள் மேஜைக்குப் போகும். பதில் வரும்வரை திரும்பத் திரும்பப் போய்க் கேட்போம். அந்த மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஸ்டாப்பர் பையனின் அம்மாவும் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஆட்டத் தேதியை இந்த முறை நாங்களே கேட்டு வாங்கிக்கொண்டோம். வருகிற ஆட்டமும் எழும்பூரில்தான், அதுவும் மத்தியானம்தான். வரமுடிந்தவர்கள் வாருங்கள். வரமுடியாதவர்கள் அந்தப் பையனைத் திட்டுவதையாவது நிறுத்துங்கள். அவன் அன்றைக்கு ராத்திரியே வீட்டு சிமெண்டுத் தரையில் தண்ணீரை ஊற்றி, தம்பியைப் பந்து தள்ளிவிடச் சொல்லி, ஸ்டிக்கைப் படுக்கவைத்துப் பழக ஆரம்பித்துவிட்டான். அவன் செய்ய வேண்டியதை அவன் செய்கிறான். மிச்சம் செய்ய வேண்டியவர்கள் பெரியவர்கள்.